வான் என்றால் வளைவு

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில்
பதினோராம் கட்டையடியில் எனக்கு வேலை.
பலகையின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை.
திருப்பிப் பிடித்தால் வாகனம் நிற்கும்,
திருப்பிப் பிடித்தால் போகும்.
மற்ற அந்தத்தில் சுபத்திராதேவி. அவளுக்குப் பல்வலி,
வோக்கி டோக்கியில் கதைக்கமாட்டாள்.

அளவைக்காரன் லாம்
முக்காலிக் கருவியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பான்,
பிறகு கொட்டாவி விடுவான்.
வீதியும் நேர், பாலைமரமும் நேர், மின்கம்பமும் நேர்.
நித்திரை வருகுது என்று கன்னத்தில் கையை வைத்துக் காட்டினான்.
அவனுடைய தாயின் ஊர் கைபேசிக்குள் இருந்தது:
மலையைச் சுற்றி யாரோ எறிந்துவிட்டுப் போன
கயிறு மாதிரி ஒரு பாதை.

சான் லோ, என்றான். மலை வழி.
சாண் உயர மேடுகூட இல்லாத இடத்தில் நின்று
அந்தச் சொல்லை வாங்கினேன்.
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வான் என்றால் வளைவாம்.
எனக்குச் சிரிப்பு.
எங்களிடம் ஏற்கெனவே மூன்று வான் இருக்கு.
தலைக்கு மேலே ஒன்று.
மாரியில் குளம் நிரம்பினால் பாய்வது ஒன்று.
வெள்ளையாக வந்து பக்கத்தில் நின்றால்
யாரும் ஏறப் பிரியப்படாதது ஒன்று.
சரி, நாலாவதும் இருக்கட்டும்.

ஃபாட் காப் வான், என்று என் தலையைச் சுட்டினான்.
குளவியாக்கும் என்று தட்டினேன்.
இல்லை, தொப்பிக்குக் கீழே, கொண்டை ஊசி!
கொண்டை ஊசி வளைவு.
எங்கள் பாஷையிலும் அதேதான் ஐயா,
ஏழாம் வகுப்பில் படித்தது, கண்டதில்லை.
ஊசியைக் கழற்றிக் கிரவலில் வைத்தேன்.
இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம்.
ஒரு எறும்பு ஏறிப்போய்த் திரும்பி இறங்கியது.

வன் சே லோங்: வண்டியின் அலையில் தலை சுற்றுவது.
விளங்கப்படுத்த அவன் சத்தி எடுப்பதுபோல் குனிய,
தூரத்தில் சுபத்திராதேவி பயந்துபோய்ச்
சிவப்பைத் திருப்பிவிட்டாள்.

கௌ குக் சப் சாம் வான்.
ஒன்பது நெளிவு, பதின்மூன்று வளைவு.
இங்கே அப்படி ஒன்று இல்லைத்தானே என்று
தார் முடிகிற தூரம்வரை கையை நீட்டினான்.

இருக்கு, என்றேன்.

பலகைத் தடியின் அடிமுனையால் கிரவலில் கீறினேன்.
கிளிநொச்சியில் எங்கள் கிணற்றடி.
பரந்தனில் ஒரு முறிவு.
தருமபுரம், அங்கிருந்து திரும்பவும் பின்னால்,
தண்ணி மோட்டரை விட்டுவிட்டு வந்த அப்பாவின் பிடிவாதத்தால்.
பிறகு விசுவமடு, உடையார்கட்டு, ஒரு வயலைச் சுற்றி
இரவில் போனதால் எத்தனை திருப்பம் என்று தெரியாத திருப்பம்.
தேவிபுரத்தில் ட்ரெக்டர்ப் பெட்டியில், கூரைத் தகரங்களுக்கு மேலே,
நேர் வீதியில்தான் நான் சத்தி எடுத்தேன்.
இரணைப்பாலை. மாத்தளன்.

லாம் தன் பாஷையில் எண்ணிக்கொண்டு வந்தான்.
ஒன்பதைத் தாண்டினான். பதின்மூன்றைத் தாண்டினான்.
மலை எங்கே, என்று கேட்டான்.

தடி
நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் நின்றது.
அதற்கு மேல் கீற மண் இல்லை.

குவட் தௌ லோ, என்றான், மிக மெல்ல.
நான் அர்த்தம் கேட்கவில்லை.
அவனும் நடித்துக் காட்டவில்லை.

பலகையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்,
எந்த நிறத்தை நம்புவதென்று தெரியாமல்
இரண்டு பக்கமும் லொறிகள் ஹோர்ன் அடிக்கின்றன.
ரோலர் வந்தது. ஒதுங்கினோம்.
கீறிய அவ்வளவுக்கும் மேலால் அது போய்,
சரியாக அழுந்தவில்லை என்று
இன்னொருமுறை வந்தது.

ஊசியை எடுக்க மறந்துவிட்டேன்.

இப்போது பஸ்ஸில் பதினோராம் கட்டை வரும்போது
கம்பியை இறுக்கிப் பிடிக்கிறேன்.
பக்கத்து சீற்றுக்காரி ஒருமாதிரிப் பார்ப்பாள்.
வீதி நேராகத்தான் கிடக்கிறது.